அப்பாவின் பெயரில் ஒன்பது மா

1

இங்கே ஒரு பாடநூல் ஆசிரியர் ஐந்து வருடம் என்னை ஆண் என்று நினைத்துக்கொண்டு வேலை கொடுத்தார். கயல்விழி என்பது இவர்கள் வாய்க்கு நீளம் என்று மின்னஞ்சலில் 'கயல்' என்று மட்டும் போட்டு வைத்திருந்தேன். அவர் அதைக் 'கைல்' என்று படித்துக்கொண்டார். ஸ்காட்லாந்தில் அது ஆம்பளைப் பெயர். "அன்புள்ள திரு. கைல், தவளை அருமை. பின்னங்கால் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று எழுதுவார். முதல் தடவையே திருத்தியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை கூச்சமாகிவிட்டது. அதன் பிறகு திருத்தினால் அவருக்குச் சங்கடம். அப்படியே ஐந்து வருடம் போய்விட்டது.

அப்பா இறந்து மூன்று வருடம் முடிந்த வாரத்தில் நடந்த ஒன்றை எழுத உட்கார்ந்தேன். இது ஏன் முதலில் வந்து நிற்கிறது என்று தெரியவில்லை. நிற்கட்டும்.

2

டண்டீ என்ற ஊரில் இருக்கிறேன். கடலில் சேருமுன் அகன்று விரிந்த ஆறு, அதன் கரையில் மேடும் பள்ளமுமாக ஊர். என் கணவர் மருத்துவமனையில் ஆண் செவிலியர். மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் வீட்டிலிருந்தே படம் வரைந்து பிழைப்பவள். ஒரு கம்பெனிக்கென்று இல்லை, யார் கூப்பிட்டாலும் வரைவேன். பள்ளிக்கூடப் பாடநூல், ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரம், விதைப் பாக்கெட்டின் மேலே இருக்கும் கேரட்.

ஊரில் கேட்பார்கள், "படம் வரையறதெல்லாம் ஒரு வேலையா, நெனச்சப்ப வரையலாமே?" என்று. அப்படி இல்லை. இனியா பள்ளிக்கூடம் கிளம்பியதும் எட்டே முக்காலுக்கு உட்காருவேன். சமையலறையை ஒட்டிய சின்ன அறை. மதியம்வரை வெறும் பென்சில் கோடு. கை காலையில்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். பன்னிரண்டு மணிக்கு முந்தின நாள் அனுப்பியதற்குத் திருத்தங்கள் வந்திருக்கும். காதைக் கொஞ்சம் சின்னதாக்கு, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் சந்தோஷமாக்கு. ஒருமுறை, இது எங்கள் நாட்டுத் தவளை இல்லையே என்று ஒரு குறிப்பு. எடுத்துப் பார்த்தால் உண்மைதான். மழை விட்டதும் எங்கள் வாய்க்கால் மேட்டில் தொண்டையை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மஞ்சள் தவளையை, என்னை அறியாமல், அவர்கள் குளத்தில் உட்கார வைத்திருந்தேன். அதைப் பழுப்பாக்கி, உடம்பைக் குறுக்கி, குரலையும் குறைத்து அனுப்பினேன். குரல் படத்தில் தெரியாதுதான். ஆனாலும் குறைத்தேன்.

ஒரு மணிக்குச் சோறு. பிறகு முதுகு நிமிர ஆற்றங்கரை வரை ஒரு நடை. திரும்பி வந்து வண்ணம். டிசம்பரில் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும், அதற்குமேல் போடும் பச்சையை நம்ப முடியாது. சில நாள் இனியா வரும்வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். அவள் வந்ததும் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதற்குப் பேர் எங்கள் வீட்டில் உரையாடல்.

3

அப்பா இறந்து மூன்று வருடம் முடிந்த அந்த வாரம் ரகு போன் செய்தார். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு ஐயாவின் பேரன். மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் வேலை. நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, ஒரு சின்ன ஃபார்மாலிட்டிதான். போன்ல சொல்றதவிட நேர்ல வந்தா மரியாதையா இருக்கும்னு அப்பா சொன்னாரு" என்றார்.

சனிக்கிழமை ரயில் பிடித்து வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கையில் இனிப்புப் பெட்டி, தோளில் பை. வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நல்ல பிள்ளை என்று பார்த்த உடனே தெரிந்தது. எனக்குத்தான் வாயில் ஒன்றும் வரவில்லை. 'வாங்க தம்பி' என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா இவருடைய அப்பாவை, அவர் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலேயே, 'சின்னய்யா' என்றுதான் கூப்பிட்டார். 'தம்பி' தொண்டை வரை வந்தது. 'ஐயா'வும் வந்தது. கடைசியில் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் வந்த விஷயம் இதுதான். எங்கள் ஊரில் அவர்கள் குடும்பத்து நிலங்களை விற்கப்போகிறார்கள். அதில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், பட்டாவில் என் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா இல்லாததால் வாரிசுகள் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா, தம்பி முத்து, நான். நான் வெளிநாட்டில் இருப்பதால் இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

"ஒருத்தர் இவ்வளவு நெலம்தான் வச்சுக்கலாம்னு உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப தாத்தா உங்கப்பா பேர்ல எழுதி வச்சாராம்க்கா. அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதானாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்" என்றேன். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். டீ கொடுத்தேன். அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் இனியா கேட்டாள், அவளுடைய ஆங்கிலத்தில், "அம்மா, அவர் இருந்த ஒரு மணி நேரமும் நீ ஏன் நின்னுக்கிட்டே இருந்த?"

நான் நின்றுகொண்டிருந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

4

தெரியும் என்றேனே, எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். அப்பா மாணிக்கம், பெரிய வீட்டுப் பண்ணையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், எந்த வயலில் எத்தனை விரல் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. சாயங்கால வகுப்பில் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். மேடைப் பேச்சுகளை நின்று கேட்பார். அப்படித்தான் எனக்குக் கயல்விழி என்று பெயர் வந்தது. எங்கள் தெருவின் ஒரு முனையில் ஆளும் கட்சியின் கொடிக்கம்பம், இன்னொரு முனையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடி. ஆட்சி மாறும்போதெல்லாம் முதல் கம்பத்துக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அறுவடை நேரத்தில் கூலித் தகராறு வந்தது. சங்கத்து ஆட்கள் வயல் வயலாகக் கொடி நட்டார்கள். கூலி முடிவாகும்வரை யாரும் அரிவாளோடு இறங்கக் கூடாது. யார் யாரிடம் பேச வேண்டும் என்று தாலுகா ஆபீசிலிருந்து ஒரு ஜாபிதா எழுதி வாங்கி வந்திருந்தார்கள். எந்த நிலம் யார் பெயரில் என்ற பட்டியல். அதில் ஒன்பது மாவுக்கு நேராக அப்பா பெயர் இருந்தது.

எங்கள் வீட்டு வாசலுக்கு இருபது பேர் வந்தார்கள். எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். முன்னால் நின்றது சாமிநாதன் மாமா, அம்மாவின் சொந்த அண்ணன்.

"மச்சான், கூலி எவ்வளவு தருவ, சொல்லு" என்றார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னய ஏன் கேக்குற? நானும் உங்ககூடத்தான வேலைக்கு வராம நிக்கிறேன்?"

"பட்டாதாரு நீதான? சர்க்காரு காயிதத்துல எழுதியிருக்கே. கோவிந்தன் மவன் மாணிக்கம். இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

அப்பா அந்தக் காகிதத்தை வாங்கித் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து, விஷயம் தெரிந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டாள். வந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சில வருடத்துக்கு முன்னால் பெரிய வீட்டுக் காரியக்காரர் காரில் ஏற்றித் திருவாரூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், காப்பி வாங்கிக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து என்று இரண்டு இடத்தில் வாங்கியது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

"ஊர்ல இத்தன பேர் இருக்கறப்ப ஒன்னயத்தான் நம்பி எழுதுனேன் மாணிக்கம்னாரு. பேரு உன்னுது, வயலு நம்முதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்கய்யான்னேன்."

அம்மா அப்போது சிரிக்கவில்லை. "நம்முதுன்னா யாருது?" என்று கேட்டாள். அப்பா துண்டை மடித்து வைத்தார். அவர் முகத்தில் இருந்தது பெருமையா அவமானமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மனித முகங்களை வரைந்து பிழைக்கிறேன். அந்த முகம் மட்டும் பிடிபடவில்லை.

தகராறு பத்து நாளில் முடிந்தது. சாமிநாதன் மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அப்பா பண்ணை ஆள். தெருக்காரர்களுக்குப் பாதி மிராசு. எட்டு வருடம் கழித்து, நான் கும்பகோணத்தில் ஓவியம் படிக்க இடம் கிடைத்துப் போனபோது, விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். கிராம அதிகாரி கணக்கைப் பார்த்தார். "மூணு ஏக்கர் நஞ்சை வச்சிருக்கீங்க. எப்படிம்மா குடுக்கறது?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் காகிதத்தைப் பார்த்தார். அப்பா அங்கேயே நின்றார். வயல் என்னுது இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயாவுக்குக் கொடுத்த வாக்கு, சொல்லவில்லை.

தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பஸ்ஸில் நின்றுகொண்டே மற்றவர்களை வரைவேன். ஆள் இறங்குவதற்குள் முகத்தைப் பிடித்துவிட வேண்டும். இன்று என் கோடு வேகமானது என்று இங்கே சொல்கிறார்கள். அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

5

ரகு கொடுத்த பத்திரம் நான்கு நாள் மேசையில் கிடந்தது. தவளையை முடித்துவிட்டு வாத்தை எடுத்திருந்தேன். காலையில் பென்சிலை எடுத்தால் கண் அங்கே போகும். மூன்று நாளில் ஒரு வாத்து. அதற்கும் கழுத்து சரியில்லை.

இனியா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். ஒருநாள் பத்திரத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "என் தகப்பனார் வழியில்... எனக்குப் பாத்... பாத்தியப்பட்டு... என் சர்வ சுதந்திர ஆண்டனுபவத்தில்..." நிமிர்ந்து பார்த்தாள். "ஆண்டனுபவம்னா இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸா? இருபது வருட அனுபவம்னு உன் வெப்சைட்ல போட்டிருக்கியே, அதுவா?"

சிரித்துவிட்டேன். அது இல்லை, ஒரு நிலத்தை ஆண்டு அனுபவித்து வருவது என்றேன்.

"நீ ஆண்டு அனுபவிச்சியா?"

"இல்ல."

"தாத்தா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்கு?"

நானும் அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். அவள் கேட்டது சரிதான். இந்த நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அது என்னுடையது, நான்தான் இத்தனை நாள் அனுபவித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கணவரிடம் கேட்டேன். "உங்கப்பா குடுத்த வாக்கு. போட்டுக் குடுத்துரு, நிம்மதி" என்றார். பத்து நிமிடம் கழித்து, "இல்ல, போடாத" என்றார். பிறகு டியூட்டிக்குப் போய்விட்டார்.

முத்துவுக்குப் போன் செய்தேன். "அக்கா, நீ என்ன செய்யறியோ அதத்தான் நான் செய்வேன். நான் இங்க அவங்க முகத்துல முழிக்கணும்" என்றான். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றான். அம்மா கோயிலுக்குப் போகிறவள் இல்லை.

6

எடின்பரோவில் இருக்கும் தூதரக அலுவலகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு ரயிலில் போனேன். போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் போனேன். புகைப்படம் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எதிர்க் கடையில் எடுத்துக்கொண்டு வந்தேன். பாஸ்போர்ட்டில் கயல்விழி மாணிக்கம், பத்திரத்தில் மா. கயல்விழி. இரண்டும் ஒருவர்தான் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி வட இந்தியர், வயதானவர், பொறுமைசாலி. பத்திரம் தமிழில் இருந்ததால் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதில் இருப்பதைப் படித்தீர்களா, அம்மா?"

"படித்தேன்."

"புரிந்துகொண்டு, சொந்த விருப்பத்தில்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள், அப்படித்தானே?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அவர் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். நான் சொன்னேன், "வார்த்தைகள் புரிகின்றன."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "வேறு என்ன புரியவில்லை?"

"இந்த நிலம் எங்களுடையதா இல்லையா என்று."

முத்திரையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "அதை நான் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்வேன். நாளை வேண்டுமானாலும் வாருங்கள்" என்றார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். வெளியே வந்து மழையில் நின்றேன். அப்பா இருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று தோன்றியது. அது அவர்மேல் மரியாதையா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ரயிலில் இருக்கும்போது அம்மா தானாகவே போன் செய்தாள்.

"போட்டுட்டியா கயலு?"

"இல்லம்மா. நீ சொல்லு, என்ன செய்யட்டும்? அப்பா வாக்குக் குடுத்தாரே."

"குடுத்தாரு. நான் குடுக்கல." பிறகு சொன்னாள், "ஒண்ணு சொல்றேன், இத்தன நாளா சொல்லல. உங்கப்பா தண்ணி பாய்ச்சப் போறப்ப செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போவாரு. சேத்துல எறங்கறவருக்குச் செருப்பு எதுக்குன்னு நெனப்பேன். ஒரு தடவ தூரத்துலேருந்து பாத்தேன். அந்த ஒம்பது மா வரப்புல ஏறுனதும் செருப்பப் போட்டுக்கிட்டாரு. ஒரு சுத்து நடந்தாரு. அப்புறம் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு."

பெரிய வீட்டுக்காரர்கள் வரப்பில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்காத காலம் அது.

"பாத்தேன்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கல. நான் போடல கயலு. நீ ஒன் இஷ்டம்."

7

அன்றைக்கே ரகுவுக்குப் போன் செய்து, நாங்கள் மூவரும் கையெழுத்துப் போடவில்லை என்றேன். இந்த முறை 'தம்பி' சுலபமாக வந்தது.

"எனக்கும் கோவம் வரணும்னு தோணுதுக்கா. வரல. அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல" என்றார்.

அவருடைய அப்பாவுக்குக் கோபம் வந்தது. மாணிக்கம் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று முத்துவைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார். நடந்திருக்காது என்று முத்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். கோர்ட்டுக்குப் போவேன் என்றார். மன்னார்குடியில் வக்கீலைப் பார்த்தார். நிலம் உங்களுடையது என்று வழக்குப் போட வேண்டுமானால், உச்சவரம்புக்கு மறைத்து வேறு ஆள் பெயரில் எழுதினோம் என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னாராம். அதோடு பேச்சு நின்றது. நிலம் மாணிக்கம் குடும்பத்துடையது என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை. மற்ற நிலங்களை விற்றார்கள். ஒன்பது மாவில் சம்பா அறுத்ததும் அவர்களுடைய ஆள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான், திரும்பி வரவில்லை.

நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், அதுவும் தெளிவாக இல்லை. பெயரை வைத்து ஒரு நிலத்தை வாங்கிக்கொண்டோம். அப்பா அதைச் செய்ய மறுத்தார். அவர் மறுத்ததால்தான் ஐயா அதை வேறு பெயருக்கு மாற்றாமல் விட்டார், எங்களுக்கு வந்தது. இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கிறது.

போன வாரம் காலை ஒன்பது மணிக்கு, இன்னொரு வாத்துக்கு அலகு போட்டுக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டார்கள். ஊரில் மதியம் இரண்டரை. முத்து போனைப் பிடித்திருந்தான். அம்மா வயல்வெளியில் நின்றாள். சுற்றிலும் அறுத்த நெல்தாளும், அதற்குள் முளை கிளம்பிய உளுந்தும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அந்த வெளியில் முன்பு எல்லாமே ஒரே வீட்டு நிலம் என்பதால் எல்லைக் கற்களை எப்போதோ பிடுங்கிவிட்டார்களாம். சர்வேயர் வர இரண்டு மாதம் ஆகும் என்றான் முத்து.

"எதுலேருந்து எதுவரைக்கும்னு தெரியலயே" என்றாள் அம்மா. "நடவுல குனிஞ்ச தலையா நின்னவங்க நாங்க. எது யாரு வயலுன்னு எங்க பாத்தோம்? உங்கப்பாவுக்குத்தான் அத்துப்படி. நீதான் படம் போடறவளாச்சே, பாத்துச் சொல்லு."

முத்து தாலுகா ஆபீசில் வாங்கிய நில அளவை வரைபடத்தை முன்பே அனுப்பியிருந்தான். அதைத் திரையில் ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டேன். வாய்க்கால் ஒரு கோடு. அதிலிருந்து ஒரு சாய்ந்த நாற்கோணம், உள்ளே எண்கள்.

"வாய்க்காலுக்கு முதுகக் காட்டி நில்லும்மா. அப்படியே இடது பக்கம் போ."

"யாருக்கு இடது? உனக்கா எனக்கா?"

"உனக்கு."

"நான்தான் திரும்பி நிக்கிறேனே."

"அம்மா, முத்து போனைத் திருப்பிட்டான் போல. இரு. அந்தக் கருவ மரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?"

"எந்தப் பக்கம்னு எதுலேருந்து பாத்துச் சொல்றது?" என்றான் முத்து.

நான் வரைபடத்தைச் சுழற்றினேன். வடக்கு கீழே வந்தது. கருவ மரம் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இருந்த கிணறு ஊரில் இல்லை. முத்து நடந்தான், படம் ஆடியது, வானம் தெரிந்தது, தாள் தெரிந்தது. இங்கே மின்னஞ்சல் சத்தம் கேட்டது. கைலின் வாத்து எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

"இன்னும் பத்தடி தள்ளிப் போம்மா" என்றேன். எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

அம்மா பத்தடி நடந்தாள். நின்றாள். ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் மெதுவாக உட்கார்ந்து, புடவையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீ கோட்டை அப்புறம் போட்டுக்க கயலு" என்றாள். "நான் உக்காந்துட்டேன்."